“எலும்பு பத்தலை”ன்னா என்ன அர்த்தம்?

அம்பத்தூர், ஆவடி பக்கம் பல் கிளினிக் போர்டுகளில் ‘இம்ப்ளாண்ட்’ என்ற வார்த்தை இப்ப சாதாரணம். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி சவீதா பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு. ஆனா பல்லைப் பிடுங்கிட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் போறவங்க பல பேர் கேட்கிற பதில்: “எலும்பு பத்தலை.”

பல்லைச் சுற்றியுள்ள எலும்பு பல்லுக்காகவே இருப்பது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உண்டு. மெல்லும்போது அதன் வழியாகத்தான் எலும்புக்கு வேலை கிடைக்கிறது. பல் போனால் வேலையும் போச்சு. உடம்பு அதைக் கரைத்துவிடும். டென்மார்க்கில் 46 பேரிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், பின்பற்கள் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஒரே வருஷத்தில் பாதியாகிவிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே!

டைட்டானியம் எலும்போடு ஒட்டிவிடும் என்பதை ஸ்வீடனின் பிரோனமார்க் 1952-ல் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். ஒட்டுவதற்குச் சுற்றிலும் எலும்பு வேணுமே. 4 மி.மீ. திருகுக்கு 6, 7 மி.மீ. அகலமாவது வேண்டும்.

இல்லாத இடத்தில் மணல் மாதிரி துகள்களை வைப்பார்கள். அந்தத் துகள் அப்படியே எலும்பாக மாறிடும்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, அது வெறும் சாரம். நம்ம எலும்பு செல்கள் அதன்மேல் ஏறி வளரணும். ஈறு அதைவிட வேகமாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மேலே கொலாஜன் படலத்தை வேலி மாதிரி போர்த்துவார்கள். பிறகு 4 முதல் 6 மாதம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, காத்திருக்கணும். புகை பிடிப்பதும் கட்டுப்படாத சர்க்கரையும் இந்தக் கட்டத்தில்தான் வேலையைக் கெடுக்கும். மேல் கடைவாயில் இன்னொரு சிக்கல்: பல் போனபின் சைனஸ் அறை கீழே இறங்கிவிடும். அதன் உட்சவ்வை மெல்ல உயர்த்தித்தான் துகளை நிரப்ப முடியும்.

துகள் எதிலிருந்து வந்தது என்று கேளுங்க. நம்ம தாடையிலிருந்தே எடுக்கலாம். தானம் பெற்ற மனித எலும்பு, பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு. கொலாஜன் படலம் மாடு அல்லது பன்றியிடமிருந்து வந்திருக்கலாம். சைவக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. கையெழுத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்பேன்.

பல்லைப் பிடுங்கும் அன்றைக்கே குழியில் துகள் நிரப்பும் முறையும் இருக்கு. கரைவதை முழுசா நிறுத்தாது, குறைக்கும். இம்ப்ளாண்ட் வைக்கிற யோசனை இருந்தா அன்னைக்கே பேசிடுங்க. யோசனையே இல்லைன்னா பெரும்பாலும் அது வீண் செலவு.