மெய்நிகர் இயந்திரத்தில் பிணையச் சிக்கல் நீக்கம்

மெய்நிகர் இயந்திரத்தில் பிணையச் சிக்கல் நீக்கம் என்பது, ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட மற்றொரு கணினி இணையத்தையோ பிற கணினிகளையோ அடைய இயலாதபோது, அதன் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வதாகும். தாங்கி நிற்கும் உண்மைக் கணினி புரவலர் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர்க் கணினி விருந்தினர் என்றும் அழைக்கப்படுகின்றன. இவ்வகை மென்பொருள்களில் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 1999இலும், வெர்ச்சுவல்பாக்ஸ் 2007இலும் வெளிவந்தன. செருமனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கிய வெர்ச்சுவல்பாக்ஸ், 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்சுக்கும் 2010இல் ஆரக்கிளுக்கும் கைமாறியது. இக்கட்டுரை வெர்ச்சுவல்பாக்சையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

ஆய்வகப் பயிற்சி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி அமைந்த மேகக் கணிமை ஆய்வகப் பாடத்தில், ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை மாற்றும் வழியைக் கண்டறிவது ஒரு பயிற்சியாகும். இப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரம், திண்டிவனம் உள்ளிட்ட ஊர்களிலும், இணைவு பெற்ற கல்லூரிகள் மாநிலம் முழுவதும் உள்ளன. பார்ப்பதற்கு எளிதான இப்பயிற்சியில்தான் பிணையச் சிக்கல் முதன்முதலாக மாணவருக்கு எதிர்ப்படுகிறது.

இரண்டு லினக்சு விருந்தினர்கள் நிறுவப்படுகின்றன. இரண்டிலும் இணையத்தளங்கள் திறக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய முடிவதில்லை. ஐ.பி. முகவரியைப் பார்த்தால் இரண்டுமே 10.0.2.15 என்று காட்டுகின்றன. இதைக் கண்டு முகவரி மோதல் ஏற்பட்டுவிட்டதாக எண்ணி, இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவோர் உண்டு. அதனால் ஆய்வக நேரம் முழுதும் வீணாவதைத் தவிர வேறு பயன் இல்லை; நிறுவி முடித்த பின்னரும் அதே முகவரியே வரும். இங்கு எதுவும் பழுதாகவில்லை. மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் சரியாகவே இயங்குகிறது.

ஒரே முகவரி ஏன்?

வெர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு புதிய விருந்தினரையும் நேட் எனப்படும் பிணைய முகவரிப் பெயர்ப்பு முறையில் அமைக்கிறது. இம்முறையில் ஒவ்வொரு விருந்தினருக்கும் தனித்தனியாக ஒரு கற்பனைத் திசைவி வழங்கப்படுகிறது. அதன் நுழைவாயில் முகவரி 10.0.2.2, விருந்தினரின் முகவரி 10.0.2.15. வெளியே செல்லும் பொதிகள் புரவலரின் பெயரிலேயே செல்வதால் இணையம் கிடைக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. இரண்டு விருந்தினர்களும் இரு வேறு பிணையங்களில் இருப்பதால் முகவரிகள் மோதுவதும் இல்லை. விழுப்புரத்தில் ஒரு தெருவிலும் திண்டிவனத்தில் ஒரு தெருவிலும் 15ஆம் எண் வீடு இருப்பதைப் போன்றது இது. ஊர்ப்பெயர் எழுதாமல் 15 என்று மட்டும் எழுதிய கடிதம் உள்ளூர் 15க்கே செல்லும்.

இதிலிருந்தே கவனிக்கத்தக்க ஒரு பொறியும் எழுகிறது. முதல் விருந்தினரிலிருந்து 10.0.2.15க்கு பிங் கட்டளை கொடுத்தால் மறுமொழி வரும். மறுமொழி தருவது இரண்டாம் விருந்தினர் அன்று. முதல் விருந்தினர் தனக்குத் தானே விடையளிக்கிறது. எஸ்.எஸ்.எச். வழங்கி நிறுவப்பட்டிருந்தால் கோப்பு மாற்றமும் வெற்றி எனக் காட்டும். கோப்போ அதே இயந்திரத்திலேயே படியெடுக்கப்பட்டிருக்கும். எனவே இரு விருந்தினர்களுக்கும் வெவ்வேறு கணினிப் பெயர் சூட்டுவது நன்று. கோப்பைத் தேடுமுன், நுழைந்துள்ள இயந்திரத்தின் பெயரைப் பார்த்தால் ஏமாற்றம் இராது.

பொருத்தமான பிணைய முறை

விருந்தினர்கள் ஒன்றையொன்று காண, அவற்றை ஒரே பிணையத்தில் வைக்க வேண்டும். 2013இல் வெளிவந்த 4.3 பதிப்பில் நேட் பிணையம் என்ற தனி முறை சேர்க்கப்பட்டது. பெயர் ஒத்திருப்பினும் இது நேட் முறையிலிருந்து வேறானது. இதில் பல விருந்தினர்கள் ஒரே திசைவியைப் பகிர்கின்றனர், வெவ்வேறு முகவரிகளைப் பெறுகின்றனர், இணையமும் கிடைக்கிறது. இரு விருந்தினர்களிலும் ஒரே நேட் பிணையத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

புரவலர்-மட்டும் முறையில் விருந்தினர்களும் புரவலரும் தமக்குள் பேசலாம்; இணையம் இராது. இதன் முகவரிகள் வழக்கமாக 192.168.56 எனத் தொடங்கும். முதல் பிணைய அட்டையை நேட் முறையிலும், இரண்டாவதைப் புரவலர்-மட்டும் முறையிலும் வைத்தால் இரு பயனும் கிட்டும். கல்லூரிப் பிணையத்தைத் தொடாமலே பயிற்சி முடிந்துவிடுவதால் ஆய்வகங்களுக்கு இவ்வமைப்பே மிகவும் ஏற்றது. உட்பிணைய முறையும் உண்டு. அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வழங்கி தானாக இயங்காததால், முகவரிகளைக் கையால் இட வேண்டும்.

பால முறையில் விருந்தினர் நேரடியாக உண்மைப் பிணையத்தில் ஒரு தனிக் கணினியாகத் தோன்றும். வீட்டில் கம்பி இணைப்பில் இது எளிதாக இயங்கும். வைஃபையில் பெரும்பாலும் தொல்லை தரும். அணுகல் புள்ளி, தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரிக்கு உரிய பொதிகளையே ஏற்பது இதற்குக் காரணம். வெர்ச்சுவல்பாக்ஸ் முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்க முயன்றாலும் எல்லா இடங்களிலும் அது பலிப்பதில்லை. பதிவு செய்த கணினிகளை மட்டும் அனுமதிக்கும் கல்லூரிப் பிணையங்களிலும் விருந்தினருக்கு முகவரி கிடைக்காது. அந்நிலையில் தோன்றிய ஒரு முகவரியைக் கையால் இடுவது தவறு. அம்முகவரி ஆய்வகத்தின் அச்சுப்பொறிக்கோ வழங்கிக்கோ உரியதாக இருப்பின், அதன் இணைப்பு அறுபட்டு மற்ற மாணவர்களின் வேலையும் நின்றுபோகும்.

படியெடுத்த இயந்திரங்கள்

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு விருந்தினரை நிறுவிவிட்டு, அதைப் படியெடுத்து இரண்டாவதை உருவாக்குவது வழக்கம். படியெடுக்கும்போது மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கும் தேர்வை இடாவிட்டால், இரண்டும் ஒரே மேக் முகவரியுடன் ஒரே பிணையத்தில் நின்று, இணைப்பு வந்தும் போயும் இருக்கும். மேக் முகவரியை மாற்றிய பின்னும் ஒரே ஐ.பி. முகவரி வருவது பலரைத் திகைக்க வைக்கும் நிலை. உபுண்டு வழங்கிப் பதிப்பில் 18.04 முதல், டி.எச்.சி.பி. வழங்கியிடம் தன்னை அடையாளம் காட்ட மேக் முகவரிக்குப் பதிலாக இயந்திர அடையாள எண்ணிலிருந்து பெறப்பட்ட குறியீடு பயன்படுத்தப்படுகிறது. படியெடுத்த வட்டில் அவ்வெண்ணும் அப்படியே இருக்கும். அதை நீக்கிப் புதிதாக உருவாக்கி மறுதொடக்கம் செய்தால் சிக்கல் தீரும். பழைய லினக்சு வழங்கல்களில் இதன் வடிவம் வேறு: படியில் ஈத்0 காணாமல் போய் ஈத்1 தோன்றும்.

சோதிக்கும் முறை

சோதனை உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும். முதலில் அமைப்புகளில் கம்பி இணைக்கப்பட்டுள்ளது என்ற பெட்டி குறியிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அற்பமாகத் தோன்றினும் இது அடிக்கடி நிகழ்வதே. அடுத்து விருந்தினருக்கு முகவரி உள்ளதா என்பது. 169.254 எனத் தொடங்கும் முகவரி, டி.எச்.சி.பி. வழங்கியிடமிருந்து விடை வரவில்லை என்பதைக் காட்டும். பின்னர் நுழைவாயிலையும், அதன்பின் 8.8.8.8 போன்ற வெளி முகவரியையும், இறுதியாக ஒரு தளத்தின் பெயரையும் சோதிக்க வேண்டும்.

எண் முகவரி இயங்கிப் பெயர் மட்டும் இயங்காவிடில் குறை டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது. மடிக்கணினிகளில் இது சாதாரணம். விழுப்புரத்தில் கல்லூரிப் பிணையத்தில் இருந்தபோது இடைநிறுத்திய விருந்தினரை, திண்டிவனத்தில் வீட்டுக்கு வந்து மீண்டும் இயக்கினால், அது கல்லூரியின் டி.என்.எஸ். வழங்கியையே தேடிக்கொண்டிருக்கக்கூடும். விருந்தினரின் பிணைய இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் போதும்.

பிங் தோல்வியுற்றதால் மட்டும் இணைப்பே இல்லை என முடிவு செய்யலாகாது. விண்டோசின் தீச்சுவர் தன் இயல்பமைப்பில் வெளியிலிருந்து வரும் பிங் கோரிக்கைகளைத் தடுக்கக்கூடும். நேட் முறையிலும் பிங், டிரேஸ்ரூட் ஆகியன எப்போதும் நம்பத்தக்கவை அல்ல. தேவையான சேவையையே, எடுத்துக்காட்டாக எஸ்.எஸ்.எச். இணைப்பை, நேரடியாக முயன்று பார்ப்பது மேல். தீச்சுவரை முழுதும் அணைத்துவிடுமாறு தரப்படும் அறிவுரை பின்பற்றத்தக்கதன்று. அணைத்ததை மீண்டும் இயக்குவோர் குறைவு. வேண்டிய ஒரு வாயிலை மட்டும் திறந்தால் போதுமானது.

பகிர்வுக் கோப்புறை வழியாகவும் கோப்பை ஒரு விருந்தினரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல முடியும். அது கெஸ்ட் அடிஷன்ஸ் எனும் துணை மென்பொருளால் புரவலரின் வட்டு வழியே நடப்பது. அது இயங்குவதைக் கொண்டு விருந்தினர்களுக்கிடையே பிணைய இணைப்பு உள்ளதாகக் கொள்ள முடியாது.