பழைய பெட்டிக்குப் புது வேலை

2019 அக்டோபரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஒளிபரப்பு முறை நின்றது. முதுகு புடைத்த தொலைக்காட்சிகள் மூலைக்குப் போயின. எங்கள் வீட்டுப் பெட்டி என் தகப்பனார் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. பழைய சாமான் லாரியில் ஏற்ற மனம் வரவில்லை.

"கணினியை இதில் பூட்டி அந்தக் காலத்து விளையாட்டு ஆடலாமா, சார்?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

ஆடலாம். ஆனால் நேரே கம்பியைச் சொருகினால் படம் வராது. பழைய பெட்டி விநாடிக்கு 15,625 கோடுகள் வரையும். கணினியோ இரு மடங்கு வேகத்துக்குக் குறையாமல் அனுப்பும். இடையே எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சிறு பெட்டி வேண்டும். கிள்ளானில் நான் முதலில் வாங்கியது ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது! அட்டையைப் படிக்காத வாத்தியார். நீங்கள் படித்து வாங்குங்கள். அதிலுள்ள விசையை 'பால்' முறையில் வையுங்கள். மஞ்சள் முனை படத்துக்கு; சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு.

எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் 1980இல் ஜப்பானில் பிறந்த பேக்-மேன் இத்தகைய குழாய்த் திரைக்கென்றே வரையப்பட்டது, பளிச்சென்று ஓடுகிறது. அதன் திரை நெட்டையானது. ஆகவே இருபுறமும் கறுப்பாக இருக்கும். அது பழுதல்ல.

பின்மூடியை மட்டும் கழற்றவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாயில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தகப்பனாரும் ஆடிப் பார்த்தார். மூன்று உயிரும் ஒரு நிமிடத்தில் பேய்களுக்கு இரையாயின.

"மறுபடி போடு, ஐயா," என்றார்.