மெய்நிகர் தொடர் துறை

மெய்நிகர் தொடர் துறை என்பது, கணினியில் உண்மையான சீரியல் போர்ட் இல்லாதபோதும் அது இருப்பதைப் போலப் பயன்பாட்டு மென்பொருளுக்குக் காட்டும் ஓர் இயக்கி மென்பொருள் ஆகும். அத்துறையில் எழுதப்படும் தரவு, வலையமைப்பின் வழியே வேறோர் இடத்திலுள்ள கருவியைச் சென்றடைகிறது. கருவியின் மறுமொழியும் அதே வழியில் திரும்புகிறது.

தேவை

தொடர் துறைக்கான ஆர்.எஸ்-232 சீர்தரம் 1960ஆம் ஆண்டில் வெளியானது. 1969இல் வந்த ஆர்.எஸ்-232-சி பதிப்பு, கம்பியின் நீளத்தை ஏறத்தாழ 15 மீட்டருக்குள் வைக்கப் பரிந்துரைத்தது. இன்றைய மடிக்கணினிகளில் இத்துறை இல்லை. ஆனால் கருவிகளில் உள்ளது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கருங்கல் குவாரிகளை எடுத்துக்கொள்வோம். குவாரிகளிலிருந்து வரும் லாரிகள், பேச்சு வழக்கில் வே பிரிட்ஜ் எனப்படும் எடைமேடையில் நிறுத்தப்படுகின்றன. எடையைக் காட்டும் பெட்டி பொதுவாக ஆர்.எஸ்-232 வழியாகவே எண்களை அனுப்பும். ரசீது அச்சிடும் பழைய மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் காம் 1, காம் 2 என்ற பெயர்கள் மட்டுமே. அலுவலகம் மேடையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருந்தால் கம்பி போதாது. மென்பொருளை மாற்றி எழுத ஆளும் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியையே மெய்நிகர் தொடர் துறை நிரப்புகிறது.

இதற்கு நேர்மாறான பயன்பாடும் தமிழகத்தில் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு 1990களில் உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பில், சுவர்ப் பெட்டியின் ஆர்.எஸ்-232 துறையில் கணினியை இணைத்து நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்டு வேகத்தில் இணையம் பெறலாம். அங்கே தொடர் கம்பியின் மேல் வலையமைப்பு சென்றது. இங்கே வலையமைப்பின் மேல் தொடர் கம்பி செல்கிறது.

அமைக்கும் முறை

கருவியின் அருகில் தொடர் துறையும் ஈதர்நெட் துறையும் கொண்ட ஒரு சிறு வழங்கிப் பெட்டி வைக்கப்படுகிறது. லினக்சு நிறுவிய பழைய கணினியில் செர்2நெட் என்னும் கட்டற்ற மென்பொருளை இயக்கினாலும் அதே பணி நடைபெறும். வழங்கிக்கு மாறாத ஐபி முகவரியும், ஒரு டிசிபி துறை எண்ணும் தரப்படுகின்றன. (தமிழில் இரண்டையும் துறை என்றே அழைப்பதால் குழப்பம் நேரலாம், டிசிபி துறை என்பது வெறும் எண்ணே.) அலுவலகக் கணினியில், விண்டோசு எனில் காம்0காம், ஹப்4காம் ஆகியவற்றையும், லினக்சு எனில் சோகேட் நிரலையும் கொண்டு மெய்நிகர் துறையை உருவாக்கலாம். வழங்கிப் பெட்டியின் தயாரிப்பாளரே இயக்கி தந்திருந்தால் அதைப் பயன்படுத்துவது எளிது.

மெய்நிகர் துறையை உருவாக்கும் முன், டெல்நெட் நிரலால் அந்த முகவரியையும் எண்ணையும் நேரடியாகத் தொடர்புகொண்டு எடை தெரிகிறதா எனப் பார்ப்பது நல்லது. பிழை எந்தப் பக்கம் என்பது இதிலேயே பெரும்பாலும் விளங்கிவிடும்.

மூல முறையும் ஆர்.எஃப்.சி 2217உம்

மூல முறையில் பைட்டுகள் மட்டுமே கடத்தப்படுகின்றன. மென்பொருள் தன் பக்கத்தில் பாட் வீதத்தை 9600 என மாற்றினாலும் அது வழங்கிக்குத் தெரியாது. எனவே பாட் வீதம், தரவு பிட்டு, பாரிட்டி, நிறுத்த பிட்டு ஆகியவற்றை வழங்கியிலேயே கருவிக்கு ஏற்ப அமைக்க வேண்டும். அமைப்பு பொருந்தாவிடில் திரையில் பொருளற்ற குறிகள் தோன்றும்.

1997 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி 2217, டெல்நெட் நெறிமுறையின் 44ஆம் விருப்பமாக இக்குறையைத் தீர்த்தது. வீத மாற்றமும் கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நிலையும் இதன்வழி மறுமுனைக்குச் செல்கின்றன. டெல்நெட்டில் 255 என்ற பைட் கட்டளையின் தொடக்கம் என்பதால், தரவில் 255 வந்தால் அது இருமுறை அனுப்பப்படும். ஒரு முனை மூல முறையிலும் மறுமுனை டெல்நெட் முறையிலும் இருந்தால், எழுத்தாக எடை அனுப்பும் கருவியில் இப்பிழை எளிதில் வெளிப்படாது. இருமத் தரவு அனுப்பும் கருவியிலோ அவ்வப்போது ஒரு பைட் கூடிவிடும். நாட்கணக்கில் தேட வைக்கும் பிழை இது.

நேரமும் துண்டிப்பும்

9600 பாட் வீதத்தில் ஓர் எழுத்து ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் வந்துவிடும். வலையமைப்பில் அத்தகைய ஒழுங்கு இல்லை. 1979இல் வெளியான மாட்பஸ் நெறிமுறையின் ஆர்.டி.யு வகை, மூன்றரை எழுத்து நேர மௌனத்தைச் செய்தியின் முடிவாகக் கொள்கிறது. 9600இல் இது சுமார் 4 மில்லிநொடி. டிசிபி செய்தியைத் துண்டாக்கித் தாமதமாகத் தந்தால் மென்பொருள் பாதிச் செய்தியை முழுச் செய்தியாக எண்ணிவிடும். மாட்பஸ் டிசிபியாக மாற்றித் தரும் வழங்கியே இங்குப் பொருத்தமானது.

அலுவலகத்தில் மட்டும் மின்சாரம் நின்றால் மற்றொரு சிக்கல் எழும். பழைய இணைப்பு உயிருடன் இருப்பதாக வழங்கி நம்பி, மீண்டும் இயங்கும் கணினியை மறுக்கும். பல இயங்குதளங்களில் டிசிபியின் உயிர்ச் சோதனை இயல்பாக இரண்டு மணி நேரம் கழித்தே நிகழ்கிறது. லாரிகள் வரிசையில் நிற்கும்போது அது நீண்ட நேரம். வழங்கியில் இதை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடலாம்.

பாதுகாப்பு

ஆர்.எஃப்.சி 2217இல் மறையாக்கம் இல்லை. டிசிபி துறை இணையத்தில் திறந்திருந்தால் எவரும் எடையைப் படிக்கலாம்; இடையில் புகுந்து மாற்றவும் இயலும். லாரி வாடகையும் விற்பனைத் தொகையும் அவ்வெண்ணைப் பொறுத்தவை. ஆகவே வழங்கியைத் தனி உள் வலையமைப்பில் வைத்து, வெளியிலிருந்து அணுக வி.பி.என் அல்லது எஸ்.எஸ்.ஹெச் சுரங்க இணைப்பையே பயன்படுத்த வேண்டும். வழங்கியுடன் வரும் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் அது அனைவரும் காணுமாறு அச்சிடப்பட்டிருக்கும்.