டைமர் செய்யறது ஈஸி... காது கொடுக்கறதுதான் கஷ்டம்!

மினி ப்ராஜெக்டுக்கு என்ன செய்யலாம்னு மண்டையைப் பிய்ச்சுக்கறீங்களா? க்ளாஸில் நாலு பேராவது 'டைமர் ஆப்' என்று கை தூக்குவார்கள். ஏன்னா, அதைவிட சிம்பிளா ஒண்ணு உலகத்துலேயே கிடையாது! ஒரு சின்னப் பெட்டி, அதில் ஓடுகிற எண்கள், கீழே ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட்னு மூணு பட்டன். ஒரே ராத்திரியில் கோட் அடித்து முடித்து, காலையில் பக்கத்து பெஞ்ச் நண்பரிடம் காட்டுவீர்கள். அவரும் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, தீர்ப்பு சொல்லிவிடுவார்: "சூப்பர் மச்சி!"

சிக்கலே அங்கேதான் ஆரம்பம். அந்த 'சூப்பர் மச்சி'யை வைத்துக்கொண்டு ஒரு பட்டனைக்கூட உங்களால் நகர்த்த முடியாது. எது பிடித்தது, எங்கே தடுமாறினார், நாளைக்கும் அதைத் திறப்பாரா... எதுவும் தெரியாது. பாராட்டு வேறு, ஃபீட்பேக் வேறு பாஸ்!

நீங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் படிக்கிறவர் என்றால், இதற்கான பாடம் காலேஜ் கேட்டுக்கு வெளியிலேயே இருக்கிறது. தினமும் உங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போகிற கம்பெனி பஸ்களில் இருப்பவர்களைக் கேளுங்கள். டைமரோடு வாழ்கிறவர்கள் அவர்கள்தான்.

ஒரு காருக்கு 60 விநாடி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவோடு களமிறங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான் கூட்டணியின் கார் ஆலை, 2012-ல் டெய்ம்லரின் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இந்த மாதிரி அசெம்பிளி லைன்களுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கணக்கு உண்டு. பெயர், 'டாக்ட் டைம்'. ஜெர்மன் மொழியில் 'டாக்ட்' என்றால் தாளம்!

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு ஷிஃப்டில் டீ, சாப்பாடு இடைவேளை போக 450 நிமிடம் வேலை நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஷிஃப்டில் 450 கார் வேண்டும் என்றால், நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வரணும். ஆக, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருப்பவருக்குக் கிடைப்பது 60 விநாடி. அதற்குள் தன் வேலையை முடிக்கணும். அடுத்த கார் வந்து நிற்கும்!

இப்போ உங்கள் ஆப்பை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கையில் ஸ்பேனரோடு நிற்கிறவர் குனிந்து ஸ்க்ரீனைப் படிக்கணுமா? வேலைக்காகாது. அதனால்தான் லைனில் போர்டை உயரத்தில், பெரிய எண்களில் மாட்டுகிறார்கள். தலையைத் தூக்கினால் தெரியணும், அவ்வளவுதான். உங்கள் டைமரிலும் அதே விதி. ஹாஸ்டல் ரூமில் கட்டிலில் உட்கார்ந்தால், மேஜையில் இருக்கிற லேப்டாப்பில் மீதி நேரம் தெரிகிறதா? சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பி 'முடிந்தது', 'ஓடுகிறது' என்று காட்டுகிறீர்களா? அந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உங்கள் க்ளாஸிலேயே இருக்கலாம். நிறத்தோடு ஒரு வார்த்தையும் போடுங்கள்.

கயிறை இழு!

போர்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது. டொயோட்டா பிரபலமாக்கிய 'ஆண்டான்'. லைனில் ஏதாவது தப்பாகப் போனால், அங்கே நிற்கிற தொழிலாளி ஒரு கயிறை இழுக்கலாம், அல்லது பட்டனை அழுத்தலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவருவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரியாகவில்லையா... லைனே நின்றுவிடும்!

இந்த யோசனைக்கு வேர், தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறியில், இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த இழையோடு மீட்டர் மீட்டராக நெய்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பதில் என்ன லாபம்? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்!

ஃபீட்பேக் என்றால் இதுதான். தப்பு நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே, வேலை செய்கிறவர் கையிலிருந்தே வரணும். செமஸ்டர் முடிந்தபிறகு நீட்டுகிற 'ஐந்துக்கு எத்தனை மார்க்' படிவம், அறுந்த இழையை மறுநாள் தேடுவது மாதிரி.

16 வருஷம் காத்திருந்த டைமர்

பெரிய கம்பெனிகள் எல்லாம் உடனே காது கொடுத்துவிடுகிறதா? ஐபோன் 2007-ல் வந்தபோதே அதில் டைமர் இருந்தது. ஆனால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு டைமர்தான்! ஒரு அடுப்பில் பருப்பு, இன்னொன்றில் முட்டை என்றால் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் வைக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட டைமர் ஓடும் வசதி வந்தது, 2023-ல் ஐஓஎஸ் 17-ல்தான். முழுசாக 16 வருஷம்! இத்தனைக்கும் 2019-லிருந்து நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலும் ஐபோன் அசெம்பிள் ஆகிறது.

ஆக, மூணு பட்டன் ஆப்பில் கேட்பதற்கு என்ன இருக்கு என்று மட்டும் நினைக்காதீங்க.

கேட்பது எப்படி?

சரி, உங்கள் ஆப்புக்கு வருவோம். ஐந்து பேர் போதும். வெப் வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும். திருத்திவிட்டு, மறுபடி வேறு ஐந்து பேர்.

*"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்.* வேலை கொடுங்கள். "25 நிமிஷம் வை. நடுவில் ஒரு போன் வந்தால் நிறுத்து. திரும்பத் தொடங்கு." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் விரலைப் பாருங்கள். நிறுத்தப் போய் ரீசெட்டை அழுத்திவிட்டாரா? தப்பு அவருடையது அல்ல, பட்டன்களைப் பக்கத்தில் வைத்தது நீங்கள்!

*கேட்பதை அப்படியே செய்யாதீர்கள்.* "இன்னும் சத்தமா அலாரம் வேணும்" என்பார் ஒருவர். ஏன் என்று கேளுங்கள். ஹெட்ஃபோன் போட்டிருந்ததால் கேட்கவில்லை என்பார். அவருக்கு வேண்டியது சத்தம் அல்ல, ஸ்க்ரீனில் ஒரு பளிச். அதே ரூமில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற அண்ணன் ஒருவர் இருந்தால், சத்தத்தைக் கூட்டியதற்கு அவரிடமிருந்து வரும் ஃபீட்பேக் வேறு மாதிரி இருக்கும்!

*"உன் டைமர் லேட்டா ஓடுது" என்றால் சிரிக்காதீர்கள்.* நிஜமாகவே ஓடும். ஒவ்வொரு விநாடியும் ஒன்று ஒன்றாகக் கழிக்கிற மாதிரி கோட் எழுதியிருந்தால், லேப்டாப் தூங்கும்போது உங்கள் டைமரும் தூங்கிவிடும். முடியவேண்டிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். பிரச்னை தீர்ந்தது.

டைமர் யார் கையில்?

இதெல்லாம் மார்க்குக்காக மட்டும் இல்லை ஃப்ரெண்ட்ஸ். 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவ கிச்சன் டைமரை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அதுதான் இன்று உலகம் முழுக்க நடக்கிற 25 நிமிட 'பொமடோரோ' முறை. அங்கே முள்ளைத் திருகியது அவருடைய கை.

இன்னொரு கதையும் இருக்கிறது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்படக் கூடத்தில், தொழிலாளிகள் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு ஆள் வந்து நின்றார். ஃப்ரெடரிக் டெய்லரின் 'விஞ்ஞான நிர்வாகம்'! ஒரு தொழிலாளி தன்னை அப்படி அளக்க மறுத்தார். வேலை போனது. கூட இருந்தவர்கள் மொத்தமாக வெளியே நடந்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போய், அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச்சுக்கே பல வருஷம் தடை வந்தது. வரலாற்றில் ஒரு டைமருக்குக் கிடைத்த காட்டமான ஃபீட்பேக் அதுவாகத்தான் இருக்கும்!

இரண்டும் டைமர்தான். ஒன்றைத் தனக்காகத் தானே வைத்துக்கொண்டார். இன்னொன்றை யாரோ, யாரையும் கேட்காமல் வைத்தார்கள்.

நாளைக்கு உங்களில் சிலர் இதே ஒரகடத்தில் டிரெய்னி இன்ஜினியராகச் சேர்வீர்கள். ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை விநாடி என்று தாளில் எழுதுகிற பொறுப்பு உங்களிடம் வரலாம். வேலைக்கு 65 விநாடி ஆகிறது, நீங்கள் கொடுத்ததோ 60 என்றால், அந்த ஐந்து விநாடி காற்றிலிருந்து வராது. யாரோ ஒருவரின் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் வரும். அவரிடம் போய் "எங்கே இடிக்குது அண்ணா?" என்று கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எண்ணைத் திருத்தத் தெரியணும்.

அந்தப் பழக்கத்துக்கு மூணு பட்டன் ஆப்பைவிட நல்ல ரிகர்சல் கிடையாது. இந்த வாரமே ஐந்து பேரைப் பிடியுங்கள். அதில் ஒருத்தராவது கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பக்கமே வராதவராக இருக்கட்டும். மெஸ் அண்ணனாக இருந்தால் இன்னும் விசேஷம்... அடுப்பில் இருப்பது அவருடைய சாம்பார்!