'வரேன்'னு சொல்லிட்டு ஏன் போறீங்க?

ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரின் வீட்டுக்குப் போகிறீர்கள். கூடத்தில் அவருடைய ஐந்து வயதுப் பையன் ஓர் எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டிருக்கிறான். 'க்ர்ர்ர்...' என்று சுற்றி அடங்கியதும் மறுபடி ஒரு சுழற்று. நீங்கள் வந்ததை அவன் சட்டை செய்யவே இல்லை.

"உன் பேர் என்னடா கண்ணா?"

"உன் பேர் என்னடா கண்ணா?" என்கிறான் அவனும். அதே குரல், அதே இழுவை!

கிண்டல் பண்றானோ? நண்பர் தலையைக் குனிந்துகொள்கிறார். "அவனுக்கு ஆட்டிசம்ப்பா..."

காபியை அவசரமாகக் குடித்துவிட்டு, "வரேன்ப்பா" என்று கிளம்புகிறீர்கள். அப்புறம் அந்தத் திசையில் தலைவைத்தே படுப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. ஆளுக்கு ஒரு ஃபெயில்! ஆனால், 'பேசத் தெரியாதவன்' என்கிற பட்டம் மட்டும் அவனுக்கு. என்ன நியாயம் சார் இது?

ஒரு பாங்க் ஊழியரின் கதை

இதேபோல் கண்ணில் பட்ட பாத்திரத்தையெல்லாம் சுழற்றிய இன்னொரு பையனைச் சொல்கிறேன். அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். டொனால்ட் ட்ரிப்லெட் 1933-ல் அங்கே பிறந்தார். அப்பா வக்கீல். பையனோ, வீட்டில் யார் வந்தாலும் போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். தன் ஷூவைக் கழற்றிவிடச் சொல்ல, 'உன் ஷூ' என்பான். 'நான்' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'நீ'!

டாக்டர்கள் சொன்னார்களே என்று பையனை ஒரு விடுதியில் விட்டார்கள். சுமார் ஒரு வருஷம். அதற்கு மேல் பெற்றோருக்கு மனசு கேட்கவில்லை, திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அப்பா உட்கார்ந்து 33 பக்கத்துக்கு மகனைப் பற்றிக் கடிதம் எழுதினார், பால்டிமோரில் இருந்த டாக்டர் லியோ கேனருக்கு. 1943-ல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தை உலகுக்குச் சொன்ன அந்தக் கட்டுரையில் முதல் குழந்தை... நம்ம டொனால்ட்!

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் தங்கி வளர்ந்தான் பையன். சதா எதையாவது எண்ணுவான், அளப்பான். "சும்மா இரு!" என்று அவர்கள் அதட்டவில்லை. அளக்கத்தானே ஆசை? கிணறு தோண்டும் இடத்தில் ஆழத்தை அளக்க விட்டார்கள். எண்ணத்தானே ஆசை? உழும்போதே சோள வரிசைகளை எண்ண விட்டார்கள். அவன் போன பாதையில் கூடவே நடந்தார்கள், அவ்வளவுதான்.

டொனால்ட் வளர்ந்து காலேஜில் பட்டம் வாங்கினார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். கோல்ஃப் ஆடினார். வெளிநாடெல்லாம் சுற்றினார். உள்ளூர் பாங்கில் 60 வருஷத்துக்கும் மேல் கணக்கெழுதினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் கொடுப்பார், பல வருஷம் கழித்தும் மறக்க மாட்டார். ஊர்க்காரர்கள் இதைக் கேலி செய்யவில்லை. கௌரவமாகவே நினைத்தார்கள்! அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளர்களிடம், 'எங்க ஆளுக்கு ஏதாவது கெடுதல் பண்ணினீங்க...' என்று எச்சரித்தவர்களும் உண்டு. 2023-ல், 89 வயதில் காலமானார்.

ஆட்டிசம் உள்ள எல்லோரும் பாங்க் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. பேச்சே வராத குழந்தைகள் உண்டு, வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படுபவர்களும் உண்டு. ஆனால், டொனால்டை மாற்ற மட்டும் பார்க்காமல், ஊரும் கொஞ்சம் மாறியது பாருங்கள்... அதுதான் விஷயம்.

எதிரொலி இல்லை, பேச்சு!

நண்பரின் பையன் தாகம் எடுத்தால், "தண்ணி வேணுமா?" என்பான். அம்மா அப்படிக் கேட்ட போதெல்லாம் தண்ணீர் வந்தது. ஆகவே, அவன் அகராதியில் தண்ணீருக்குப் பெயரே 'தண்ணி வேணுமா'தான். அவனைத் திருத்துவதைவிட, "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லி, டம்ளரைக் கொடுங்கள். நாளடைவில் அது பதியும்.

நம் பேச்சும் லேசுப்பட்டதா என்ன? 'ஒரு நிமிஷம் சார்' என்று டீ குடிக்கப் போகிறவர் அரை மணி கழித்து வருகிறார். மேனேஜர் "ரொம்ப நல்லாருக்குய்யா உங்க வேலை!" என்றால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. சொல்லுக்கும் அர்த்தத்துக்கும் இப்படி நாம் விடும் இடைவெளியில்தான் அந்தக் குழந்தை தடுக்கி விழுகிறது.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதைத்தான் எழுதினார். புரியாமை ஒருபக்கக் கோளாறு இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிறது என்று.

அடுத்த முறை போகும்போது...

'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று முகத்தைத் திருப்பாதீர்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்பது அவர்களில் பலருக்குக் கஷ்டம். பார்க்காமலே கேட்டுக்கொண்டிருப்பான்.

சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பேசிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறாவது எண்ணில் நமக்கு வாய் பரபரக்கும். அடக்குங்கள்! பதில் ஒன்பதில் வரலாம்.

கையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் பக்கம் இழுக்கிறானா? அதுவும் பேச்சுதான். படம் காட்டிக் கேட்கப் பழக்குவதும் நல்லது. 'படத்தைக் காட்டினால் வாய்ப்பேச்சு வராது' என்பது வீண் பயம். பல குழந்தைகளுக்கு அது பேச்சுக்குக் கைகொடுக்கவே செய்கிறது.

உங்கள் வீட்டிலேயே குழந்தை இருக்கிறதா? ஒன்றரை வயதில், "அதோ பஸ்!" என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இல்லையென்றால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒன்று நிச்சயம். இது அம்மாவின் வளர்ப்பால் வந்ததல்ல, தடுப்பூசியால் வந்ததும் அல்ல. தடுப்பூசி மேல் பழி போட்ட 1998-ம் வருஷத்துக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-ல் வாபஸ் வாங்கிவிட்டது.

சரி, மறுபடி நண்பர் வீட்டுக்குப் போங்கள். நாற்காலி வேண்டாம், தரையில் உட்காருங்கள். இன்னொரு மூடியை எடுத்து நீங்களும் சுழற்றுங்கள். 'க்ர்ர்ர்...' ஏதும் கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் மூடியை உங்கள் பக்கம் தள்ளலாம். தள்ளினால், அதுதான் 'வாங்க மாமா'!

கிளம்பும்போது மட்டும் 'வரேன்' சொல்லாதீர்கள். வரேன் என்றுவிட்டுப் போனால் அவன் எதை நம்புவான்? "மாமா வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வருவேன்" என்று சொல்லுங்கள். 'போறேன்'னு சொல்றது அபசகுனம் என்று பாட்டி முறைப்பார். முறைக்கட்டும்.

ஆனால், ஞாயித்துக்கிழமை கட்டாயம் போய்விடுங்கள். அவன் காத்திருப்பான். அவனைவிட, தலையைக் குனிந்துகொண்டாரே... அவன் அப்பா காத்திருப்பார்!