படிவத்தில் பிழை வந்தால் திருத்த வேண்டியது யார்?

உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம் என எல்லாமே இன்று ஆன்லைன் படிவங்களாகிவிட்டன. நம் மஹல்லாக்களின் கல்வி உதவிக்கும் இளைஞர்கள் இணையப் படிவம் தயாரிக்கிறார்கள். நிரப்புகிறவர் தவறு செய்வது இயல்பு. அப்போது படிவம் அவருக்கு வழி காட்டாவிட்டால், தகுதியுள்ள மாணவரின் விண்ணப்பம்கூடக் கடைசித் தேதியைத் தாண்டிவிடும்.

ஆதார் அட்டையில் 12 இலக்கங்களும் நான்கு நான்காக இடைவெளி விட்டு அச்சிடப்பட்டுள்ளன. ஒரு தாய் அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால், சில படிவங்கள் 'தவறான எண்' என்கின்றன. அவர் எழுதியது சரிதான். இடைவெளியை நீக்குவது கணினியின் வேலை. மொபைல் எண்ணுக்கு முன் +91 சேர்த்தாலும் இதே கதைதான்.

பெயர் விஷயம் இன்னும் சிக்கலானது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியல். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று படிவம் மறித்தால், ஒருவர் தந்தை பெயரை எழுதுவார், இன்னொருவர் தம் பெயரையே மீண்டும் எழுதுவார். பிறகு மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர். அவசியமில்லாத இடத்தில் 'முழுப் பெயர்' என ஒரே கட்டம் போதும்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களிலேயே பிழைகளைக் கையாளும் முறையைச் சொல்லியிருக்கிறது. அவற்றோடு நடைமுறை அனுபவத்தையும் சேர்த்துச் சுருக்கினால்:

1. பிழை எந்தக் கட்டத்தில் என்பதை அதன் அருகிலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் காட்டினால் பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் புரியாது.

2. திருத்தும் வழியைச் சொல்ல வேண்டும். 'இன்வாலிட்' என்பதைவிட, 'பின்கோடு 6 இலக்கம். நீங்கள் 5 எழுதியுள்ளீர்கள்' என்பது உதவும்.

3. ஒரு பிழைக்காக, சரியாக நிரப்பிய மற்ற விவரங்கள் அழிந்துவிடக் கூடாது.

4. பணம், சட்டம் சார்ந்த படிவமானால், அனுப்பும் முன் எல்லாவற்றையும் காட்டித் திருத்த வாய்ப்புத் தர வேண்டும்.

தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் விட்டாலே பாதிப் பிழைகள் குறையும்.

படிவம் தயாரிக்கும் பிள்ளைகள், அதை வெளியிடும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் கவனிக்கட்டும். அவர் தடுமாறும் இடத்தில் படிவத்தைத் திருத்தட்டும்.