கத்திக்குத் தப்பிய நரம்புகள்

முதுமையின் வாயிலில் நிற்கும் ஆடவரை வருத்தும் நோய்களுள் புரொஸ்டேட் சுரப்பியிலே தோன்றும் புற்றுநோயும் ஒன்று. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது இச்சுரப்பி. விந்துவோடு கலக்கும் நீரைச் சுரப்பது இதன் தொழில். நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது அதனை முழுவதுமாக அகற்றிவிடுதல் வைத்தியர்கள் கைக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகும். உயிர் பிழைத்ததைப் பற்றி எல்லோரும் பேசுகின்றோம். பிழைத்தபின் கணவனும் மனைவியும் வாழும் வாழ்க்கையைப் பற்றி நம் வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை. குடும்பப் பகுதியில் இதனை எழுதலாமா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். தாம்பத்தியத்தைப் பற்றிய செய்தியை வேறெங்கு எழுதுவது?

அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், 1904ஆம் ஆண்டு ஹியூ ஹம்ப்டன் யங் என்பவர் இப்புற்றுநோய்க்காகச் சுரப்பியை முற்றாக அகற்றினார். அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வரை, இச்சிகிச்சை பெற்றோருள் பெரும்பாலார் விறைப்பாற்றலை இழந்தனர். அதற்குரிய நரம்புகள் சுரப்பியின் ஊடாகவே செல்கின்றன என்று வைத்தியர்கள் நம்பியிருந்தமையால், உயிருக்கு ஈடாகக் கொடுக்கவேண்டிய விலை இதுவென்றே கொண்டனர்.

இந்நம்பிக்கையை ஐயுற்றவர் அதே வைத்தியசாலையின் பற்றிக் வோல்ஷ். அவரிடம் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர், சில மாதங்களின் பின் தமக்கு ஆண்மை குறையவில்லை எனக் கூறினார். சுரப்பியோ முழுவதும் போய்விட்டது. நரம்புகள் அதனுள்ளே இருந்திருப்பின் இஃது எவ்வாறு நிகழும்? 1981ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்ற வோல்ஷ், ஓய்வுபெற்ற பேராசிரியரான பீற்றர் டொங்கரைச் சந்தித்தார். வளர்ந்தோர் உடலில் இந்நுண்ணிய நரம்புகளைப் பிரித்தறிதல் அரிது. ஆதலால் டொங்கர், இறந்து பிறந்த சிசுவின் உடலை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து சில மணி நேரத்தில் உண்மையைக் கண்டனர். நரம்புகள் சுரப்பியின் உள்ளே செல்லவில்லை. அதன் உறைக்கு வெளியே, இரு பக்கமும் ஒதுங்கியே சென்றன. 1982 ஏப்ரல் 26ஆம் திகதி, 52 வயதான ஒருவருக்கு அந்நரம்புகளை வேண்டுமென்றே காத்து வோல்ஷ் சிகிச்சை செய்தார். ஓராண்டுக்குள் அவர் பழைய நிலையை எய்தினார்.

இதனைக் கேட்டு, இனித் துன்பமில்லை என எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவில் 1,643 ஆடவரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 67 பேருக்கு உடலுறவுக்குப் போதிய விறைப்பு இருந்தது. சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டோருள் ஆறு மாதத்தில் அது 12 ஆயிற்று, ஆறாண்டில் 17. சிகிச்சையின்றிக் கண்காணிப்பிலே வைக்கப்பட்டோரிடத்தும் ஆறாண்டில் 30ஆகக் குறைந்ததால், வயதும் தன் பங்கைக் கவர்ந்துகொள்வது தெளிவு. சத்திரசிகிச்சைப் பிரிவினருள் 46 பேர் ஆறாம் மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகப் பஞ்சணை அணிந்தனர். ஆறாண்டில் 17 பேரே அணிந்தனர்.

வெட்டுப்படாத நரம்பும் இழுபட்டுச் சோர்ந்துவிடுகிறது. தேறுவதற்கு ஓராண்டோ ஈராண்டோ செல்லலாம். புற்று நரம்பை அண்டியிருப்பின் அதனையும் சேர்த்து அகற்றுவதன்றி வேறு வழியில்லை. சுரப்பி போனபின் விந்து வெளிப்படுவதும் நின்றுவிடும். ஆயினும் இன்ப உணர்ச்சி நின்றுபோவதில்லை. அதற்குரிய நரம்புகள் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமலே எத்தனையோ கணவன்மார் வெட்கத்தால் தனிப்பாய் தேடுகின்றனர். மனைவியோ அவர் அன்பு வற்றிவிட்டதென உள்ளுக்குள் அழுகிறாள். நோய் செய்த கேட்டினும் இம்மௌனம் செய்யும் கேடு பெரிதென்பது நம் கருத்து.

1998இல் பாவனைக்கு வந்த சில்டெனபில் மாத்திரை, நரம்பு ஓரளவேனும் எஞ்சியிருப்போருக்கே உதவும். நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து உட்கொள்வோர் இதனைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும். மாத்திரை பயன்படாதோருக்கு வெற்றிடக் கருவி, ஊசி மருந்து, உள்ளே பொருத்தும் சாதனம் ஆகியன உண்டு. இவை யாவற்றையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நலம். மனைவியும் உடனிருந்தால் மிக நன்று. இனியும் குழந்தை வேண்டுவோர், விந்தைக் குளிரூட்டிச் சேமித்துவைப்பது பற்றியும் அப்போதே விசாரிக்கவேண்டும். பின்னர் கேட்பதற்கு இடமிராது.